மகனே, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் இதைப் பற்றி எடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். தங்கச்சிக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம் என்று நீ சொன்னதிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீ இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டாயம் எழுதிப் போட வேண்டும்.

நான் 1960இல் இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலி ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். உன் அம்மம்மாவும் அதே லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பிள்ளை எங்கே பிறந்தது என்று பார்க்கவில்லை. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தார்களா என்று பார்த்தது. அதற்கெல்லாம் தோட்டத்து ஆட்களிடம் ஏது பத்திரம்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார், பதிலே வரவில்லை. 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடினோம். 83 கலவரத்துக்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் மன்னார் பேசாலையில் படகேறி ராமேஸ்வரம் வந்து சேர்ந்தோம்.

நீ பிறந்தது 1987 ஜனவரியில், நாங்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது. தங்கச்சி 1989இல், அதே ஆஸ்பத்திரியில். இந்தியச் சட்டப்படி 1950 ஜனவரி 26லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பெற்றவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. தூதரகத்துக்காரர் பிள்ளைகள் மாதிரி ஓரிரு விலக்குத்தான் உண்டு. ஜூலை 1லிருந்து தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2004 டிசம்பரில் இன்னும் இறுக்கினார்கள்.

அந்த ஜூலைக்கு ஆறு மாதம் முந்திப் பிறந்ததால் நீ உள்ளே, தங்கச்சி வெளியே. முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் ஒரே வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். இது நியாயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைத்தான் எழுதினார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. அதற்காக உனக்கு இருக்கிற உரிமையை நீ பெட்டியில் பூட்டி வைத்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? சர்க்காரிடம் சலுகை கேட்கப் போகிறாய் என்று நினைக்காதே. பிறந்த அன்றைக்கே உன்னுடையது அது, காகிதத்தில் எழுதி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் அந்தப் பெண் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்டு நம் முகாமில் அழாத பெண்கள் இல்லை.

உன் பிறப்புச் சான்றிதழ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மடிப்பில் கிழிந்த இடத்தில் அப்பா ஒட்டிய டேப் பழுப்பேறிவிட்டது, ஆனால் தேதி நன்றாகத் தெரிகிறது. முகவரி என்ற இடத்தில் ஊதா மையில் மண்டபம் முகாம் என்று இருக்கும். அதைப் பார்த்து நீ கூசவே வேண்டாம். நீ இங்கேதான் பிறந்தாய் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி?

அப்புறம், தங்கச்சி வருத்தப்படுவாள் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். அவளிடமே கேட்டேன். "அண்ணனுக்கு வரட்டும்மா, அடுத்து எனக்காகப் போய் நிற்க வீட்டில் ஒரு இந்தியர் இருப்பாரே" என்றாள். உன்னைவிட அவளுக்குத் தெளிவு இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது உன் கம்பெனியில் உன்னைத் தாண்டிப் போனார்களே, அதைச் சொல்லி இன்னும் ஆற்றாமைப்படுகிறவளும் அவள்தான்.

சரி, வரும் ஞாயிற்றுக்கிழமை வா. அந்தச் சான்றிதழுக்குப் புதுப் பிரதி வாங்க மனு எழுதி வைத்திருக்கிறேன், நீ கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை ஒருநாள் லீவு சொல்லிவிடு. மதுரையில் வக்கீலைப் பார்க்கப் போகும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, அவளுடைய கேஸையும் அன்றைக்கே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா