விடைத்தாளோடு வரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூரில் ஒரு கல்லூரியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளைக் கடிதமும் கட்டுரையும் எழுத வைப்பது என் பாடு. சென்ற மாதம் எழுத்துத்திறன் கற்பித்தல் பற்றி 2 வாரப் புத்தாக்கப் பயிற்சி ஒன்றை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் முடித்தேன். அது பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆன்லைன் என்பதில் எனக்குக் குறையில்லை. நான் முதலில் போன பயிற்சி 3 வாரம், வெளியூர் விடுதியில். 2 வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். பாதி நேரம் எஸ்.டி.டி. பூத்தில்தான் நின்றேன். 2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் ஜூமுக்குத் தள்ளியது என் போன்றவர்களுக்கு நல்லதாகவே போயிற்று. பதவி உயர்வுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்கும் பயிற்சியை இப்போது குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே முடித்துவிடலாம்.

என் குறை வேறு. 12 நாள், நாளுக்கு 4 அமர்வு. எழுதுவதைப் பற்றி அத்தனை ஸ்லைடு பார்த்தோம்; எங்களில் ஒருவரும் ஒரு பத்தி எழுதவில்லை, மாணவர் எழுதிய ஒரு பத்தியைப் படிக்கவும் இல்லை. காலையும் மாலையும் கூகுள் ஃபார்மில் வருகைப்பதிவு. கடைசியில் தேர்வு, அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. எழுத்துப் பயிற்சிக்கு!

உருப்படியாக நான் கற்றது பயிற்சிக்கு வெளியே. பங்கேற்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் மாணவி ஒருத்தியின் விடைத்தாளை அவளிடம் கேட்டுக்கொண்டு, பெயரை மறைத்துப் போட்டேன். ஊருக்கு இரவுப் பேருந்து கேட்டு ஆட்சியருக்கு எழுதிய விண்ணப்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்க்காரப் பெண். முக்கால் பக்கம் ‘மேன்மை பொருந்திய’, ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்றே ஓடியது. கடைசியில் ஒரு வரி: ‘கடைசி பஸ்ஸ விட்டுட்டா எங்கம்மா டார்ச் லைட்டோட ரோட்டுல வந்து நிக்கும்.’ நான் அதன்கீழ்ச் சிவப்பு மையில் கோடு இழுத்து, ‘பேச்சு வழக்கு’ என்று எழுதி, பத்துக்கு 4 போட்டிருந்தேன்.

திருநெல்வேலி ஆசிரியர் ஒருவர் 8 போட்டார். அந்த வரிதான் விண்ணப்பமே, அதை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள், வழக்கை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர் 5. இரவு 11 மணி வரை சண்டை. ஒரே தாளுக்கு 4ம் 8ம் விழுந்தால் நாங்கள் எதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் தாளைக் கொடுத்து, அம்மாவிலிருந்து தொடங்கி எழுதம்மா என்றேன். “நீங்கதானே மேடம் கோடு போட்டீங்க?” என்றாள்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்லைடில் பாதியைக் குறையுங்கள். ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஒரு தாள் கொண்டுவரட்டும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து உட்கார வைத்து, எல்லோரையும் தனித்தனியே திருத்தச் சொல்லி, பிறகு ஒப்பிட விடுங்கள். ஒரு மாதம் கழித்து, பிள்ளைகள் மாற்றி எழுதிய தாளோடு அதே குழு ஒரு மணி நேரம் கூடட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சான்றிதழ்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.