மினியின் வாரிசு யார்?

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குச் சேர்ந்த கையோடு மினி கார்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், நீ வேண்டாம் என்றால் “பினாங்கு மாமாவைக் கேட்போம், அவருக்குத்தான் பழைய காடி என்றால் உயிர்” என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டீர்கள். அதற்கு முன் இங்குள்ள சேதி: முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. பேரன் முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்டான். மழை விட்டபாடில்லை.

சரி, மினிக்கு வருகிறேன். நான் சாயங்காலம் போய் உட்காரும் பட்டறைக்குப் போன மாதம் ஒரு பழைய மினியும், 2001க்குப் பிறகு வந்த முதல் தலைமுறைப் புது மினியும் ஒன்றாக வந்திருந்தன. இரண்டுக்கும் பானெட் திறந்து கிடந்தது. வெளியே நின்று பார்த்தால் அப்பனும் மகனும் மாதிரி ஒரே ஜாடை. வட்ட விளக்கு, அகன்ற வாய், நாலு மூலையிலும் தள்ளி நிற்கும் சக்கரங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் சொந்தமே கிடையாது.

பழசில் நீ எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். 1956இல் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்து பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். நாலு பேர் உட்கார வேண்டும், பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் என்ற கார் வடிவமைப்பாளரிடம் வேலை வந்தது. 1959இல் வண்டி வெளியே வந்தபோது நீளம் 3.05 மீட்டர்தான். அதில் தரைப்பரப்பின் 80 சதவீதத்தை ஆளுக்கும் சாமானுக்கும் ஒதுக்கியிருந்தார் மனுஷன். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே செருகி, இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஓட விட்டார். இடம் மிச்சம் பிடிக்கச் சக்கரம் 10 அங்குலம், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு. ஸ்பீடோமீட்டரை நடுவில் வைத்ததும் சிக்கனம்தான். இடப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்கும் நம்மைப் போன்ற வலப்பக்க நாட்டுக்கும் ஒரே அமைப்பு போதுமே.

கோளாறுக்கும் காரணம் இருந்தது. சோதனைக் காலத்தில் குளிரில் கார்புரேட்டர் உறைகிறதென்று எஞ்சினை அப்படியே திருப்பிவிட்டார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், கிரில்லுக்கு நேராக வந்துவிட்டது. மழைத்தண்ணீர் அடித்தால் எஞ்சின் இருமும், அப்புறம் படுத்துவிடும். நம் ஊர் மழைக்குக் கேட்க வேண்டுமா? பட்டறைக்காரர் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் மாட்டியிருந்தார். விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வயரை இழுத்து, டேப் சுற்றியிருந்தார். நாலு விரல் நாலு பிளக்குக்கு, கட்டைவிரல் காயிலுக்கு. கணக்கு எப்படிப் பொருந்துகிறது பார்! மினி வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகச் செய்யும் வைத்தியம்தானாம் இது.

புதுசு பி.எம்.டபிள்யூவின் பிள்ளை. மினியைச் செய்துவந்த ரோவர் கம்பெனியை 2000இல் கைகழுவியபோது மினியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். பழைய மினி அதே வருடம் நின்றது, ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஓடிவிட்டு. புதுசின் நீளம் 3.6 மீட்டரைத் தாண்டியது. பழசு சுமார் 600 கிலோ என்றால் இது 1,100க்கு மேல். கூடிய எடையில் ஒரு பங்கு உயிர் காக்கும் எடை என்பதையும் சொல்ல வேண்டும். ஏர்பேக், கதவுக்குள் இரும்பு, நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்கும் முன்பக்கம். ஹைவேயில் என் பேரனைப் பழைய மினியில் ஏற்றமாட்டேன், லாரிக்காரன் கண்ணுக்கே அது தெரியாது. எனக்கு உறுத்துவது அந்த நடு ஸ்பீடோமீட்டர்தான். காரணம் போன பிறகும் வட்டத்தை விடவில்லை. 2001இல் பெரிய தட்டாக வைத்தார்கள், இப்போது வருகிற மினியில் 24 சென்டிமீட்டர் வட்டத் திரை. அழகாகத்தான் இருக்கிறது. கன்ட்ரிமேன் என்று ஒன்று வருகிறதே, அது 4.4 மீட்டர்! அதற்கு மினி என்று பெயர் வைத்தவனுக்கு நல்ல தைரியம்.

ஃபோக்ஸ்வேகன், ஃபியட் கம்பெனிக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். ஃபோக்ஸ்வேகன் 1990களின் கடைசியில் நியூ பீட்டில் என்று கொண்டுவந்தது மூன்றிலும் மோசம் என்பேன். நாம் ஆமை வண்டி என்போமே, அந்தப் பழைய பீட்டிலில் எஞ்சின் பின்னால், காற்றால் குளிர்வது. புதுசு, அதே கம்பெனியின் கோல்ஃப் என்ற காரின் மேல் போட்ட முட்டை ஓடு. அந்த வட்டக் கூரைக்காகப் பின்சீட்டில் உட்காருபவன் தலை குனிய வேண்டும். டேஷ்போர்டில் பூச்சாடி வைத்துச் சமாதானம் செய்தார்கள்.

ஃபியட் 500ஐ மட்டும் மன்னிக்கலாம். 1957இல் ஃபியட் எஞ்சினியர் தாந்தே ஜியகோசா செய்தது 3 மீட்டருக்கும் குறைவு, 479 சிசி எஞ்சின் பின்னால். சரியாக 50 வருடம் கழித்து 2007இல் வந்ததில் எஞ்சின் முன்னால், குறுக்காக, கியர்பாக்ஸ் அதன் பக்கவாட்டில். இந்த அமைப்பும் ஜியகோசாவுடையதுதான்! இசிகோனிஸ் கியர்பாக்ஸை அடியில் திணித்ததை அவர் பக்கத்தில் நகர்த்தி, ஆயிலைப் பிரித்து, 1964இல் ஆட்டோபியாங்கி ப்ரிமூலா என்ற காரில் போட்டுக் காட்டினார். ஆக, புது 500க்கு முகமும் அவர் தந்தது, வயிறும் அவர் தந்தது.

அந்த வயிறு யார் யாருக்குப் போயிருக்கிறது என்று யோசித்துப் பார், குணா. நம் மலேசியப் பெரோடுவா கம்பெனியின் மைவி, எக்ஸியா கார்கள் எல்லாம் அதே அமைப்புதான். என்னைக் கேட்டால் மினியின் வாரிசு கன்சில். 1994இல் பெரோடுவா டைஹாட்சு மிராவை வைத்துக் கட்டியது, 660 சிசி. மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று போன எத்தனை குடும்பங்களை அது மழையிலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டது! 1959இல் மினி இங்கிலாந்தில் செய்த வேலை அது. மினி என்ற பெயர் பணக்கார வீட்டுக்குப் போய்விட்டது, வேலை பெரோடுவா தொழிற்சாலை இருக்கும் ராவாங்கில் வந்து பிறந்தது. கன்சிலை யாரும் துடைத்துப் படம் எடுப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 2009இல் நிறுத்தினார்கள், இன்னும் சந்தைப் பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

மகளிடம் இப்படிச் சொல். வளைவில் திருப்பும்போது கையில் கிடைக்கும் சுகத்துக்காக வாங்குகிறாள் என்றால் புது மினி நல்ல கார், ஏமாறமாட்டாள். பழைய காலத்தை வாங்குவதாக நினைத்தால் ஒன்பது வருட லோன் அதற்கு அதிகம். எதற்கும் பள்ளி விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பழைய மினியின் சொந்தக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான், பாத்து பிரிங்கியிலிருந்து தெலுக் பகாங் வரை ஒரு சுற்று ஓட்டத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏர்கான் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உன் வீட்டுக் கூரை ஒழுகல் சரியாகிவிட்டதா, அந்த கான்ட்ராக்டர் மீதிப் பணத்தைத் திருப்பித் தந்தானா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாறன்