மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. தாத்தா வீட்டுக்கு நீ வாங்கிய எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். சுவரைக் கொத்தி சிமெண்ட் பூச்சு, முகப்பு மொட்டைமாடித் தளத்தின் மேல் 3 அங்குலக் கான்கிரீட், கடைசியில் எமல்ஷன் பெயிண்ட். மூன்றுமே அந்த வீட்டுக்கு ஆகாதும்மா.

அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர். அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஓதம் காரைப் பூச்சின் வழியே காற்றில் போய்விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பாகப் பூக்கும். சில வருஷத்தில் பூச்சு உப்பி விழும்போது செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஏற்கெனவே சிமெண்ட் பூசிய பின்பக்கச் சுவரை உளியால் மெதுவாகத் தட்டி எடுக்கச் சொல். கல்லும் சேர்ந்து பெயர்ந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடட்டும்.

முதல் வேலை சுவர் இல்லை, தண்ணீர். முற்றத்துத் தூம்பில், அதாவது மழைநீர் வெளியே போகும் வழியில், ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, தெருப் பக்கம் வருகிறதா என்று பார். வராவிட்டால் அவ்வளவு நீரும் அஸ்திவாரத்துக்குத்தான் போகிறது. தார் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால் திண்ணையடியில் மண் ஏறியிருக்கும். அதை வழித்தெடுத்துத் தெருவுக்குச் சாய்வு கொடுக்க வேண்டும். அடுத்தது கூடல்வாய். இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் அந்தத் தகரம் ஓட்டையானால், கீழே ஓடுகளைத் தாங்கும் கைமரம்தான் முதலில் இற்றுப்போகும்.

முகப்புத் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கும் மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. 3 அங்குலக் கான்கிரீட் என்றால் 100 சதுர அடிக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. அந்தக் கட்டைகள் அதற்காகப் போட்டவை இல்லை. கட்டைக்குள் ஈரம் சிக்கினால் மேலே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் தளமே தொங்கும். ஒழுகும் இடத்தில் மட்டும் தட்டோட்டை எடுத்து, பொலபொலத்த ஜல்லியை வாரிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். பொதுப்பணித் துறையின் பழைய கணக்கு, ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் சேர்க்கக் கூடாது. 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் (கணக்கு கீழே எழுதியிருக்கிறேன்) தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளி எழும் வரை அடி நிற்கக் கூடாது. இதற்கு நாள் கணக்கில் ஆகும்; கூலியைக் குறைக்க அவசரப்படுத்தினால் முதல் ஐப்பசி மழையிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் வடியத் தளத்தின் வாட்டம் பத்தடிக்கு 2 அங்குலம்.

காரைக்குச் சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ வாங்கித் தொட்டியில் நீற்ற வேண்டும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும், கண்ணாடி இல்லாமல் யாரையும் கிட்டே விடாதே. வலையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்க மூன்று வாரமாவது ஊறவிடு. நீறாத ஒரு துணுக்கு பூச்சில் சிக்கினாலும் பிறகு அது நீறி, பூச்சில் குழி விழும். பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்றுக்கு ஆற்று மணல் மூன்று. ஓதம் ஏறும் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, மணல் இரண்டு. கடுக்காய்த் தண்ணீருக்கு மேஸ்திரிக்கு மேஸ்திரி கணக்கு மாறும்; 100 லிட்டருக்கு 3 கிலோ வெல்லம், 2 கிலோ உடைத்த கடுக்காய் என்று ஆரம்பித்து பத்துப் பதினைந்து நாள் புளிக்க விடலாம். ஒரு கைப் பூச்சு, அதாவது ஒரு அடுக்கு, அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். அடுத்த கைக்கு ஒரு வாரம் போகட்டும், அதுவரை ஈரச் சாக்கு தொங்கவேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாய் உதிரும். மேலே எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம், அதுவும் சிமெண்ட் மாதிரி ஈரத்தின் வழியை அடைக்கும்; நீர்த்த சுண்ணாம்பு மூன்று தடவை அடித்தால் போதும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை யாரும் பிடுங்க விடாதே. வேர் போன தூரம் வரை கல்லைப் பிரித்து, வேரை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். வாசற்படி விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரையில் ஒட்டித் தேதி எழுதி வை. ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாவிட்டால் விரிசல் பழையது, அடைத்துவிடலாம். உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது.

மரம் பார்க்கும்போது நடுவைத் தட்டிப் பார்த்து ஏமாந்துவிடாதே. கரையானும் மக்கலும் விட்டம் சுவருக்குள் நுழையும் முனையில்தான். அங்கே நாலு விரல் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனை போச்சு. முழு விட்டத்தையும் மாற்ற வேண்டாம். முட்டுக் கொடுத்து, கெட்டதை அறுத்துவிட்டு, அதே தேக்கில் சாய்வெட்டு இணைப்பு வைத்து போல்ட் போடலாம். பழைய தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

கரண்ட் வேலை எல்லாம் பூச்சுக்கு முன். வயர்க் குழாயை முடிந்தவரை சுவருக்கு வெளியே ஓட்டு.

கூரை ஓடுகளை இப்போது பிரிக்காதே, மழை முடியட்டும். தையில் ஆரம்பித்தால் ஆனிக்குள் கூரையும் தளமும் முடியும். இந்த வாரம் போனால் நாலு விட்ட முனையையும் குத்திப் பார்த்துப் படம் அனுப்பும்மா, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடு. சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா