மோர்ஸ் தீவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகும் எழுத்து கோணாமல் இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்தேன். அம்மாயி வீட்டை விற்கும் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

டென்மார்க்கில் குளிர் தொடங்கிவிட்டது. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தீவைச் சுற்றியுள்ள லிம் ஃபியோர்ட் என்ற கடற்கழியிலிருந்து வரும் உப்புக்காற்று கதவிடுக்கில்கூட நுழைகிறது. பட்டறையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை, நல்ல ஓய்வு. அறையில் ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன். அதிகச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். ரை மாவில் செய்த கறுப்பு ரொட்டி வயிற்றை நிறைத்துவிடுகிறது. கொள்ளுப்பொடி இருந்தவரை அதைத் தொட்டுச் சாப்பிட்டேன்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டுவிடுவார். விறகைத் தட்டிப் பார்த்து வாங்குவாரே, அவர்தான். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று மோதுவார்; கணீரென்று ஒலித்தால்தான் அது வீட்டுக்குள் வரும். ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடுப்புக்கு ஆகாது என்பார். தீ மூட்டுவதும் நம் வழக்கத்துக்கு நேர்மாறு. பெரிய கட்டைகள் அடியில், சுள்ளி மேலே, எல்லாவற்றுக்கும் மேல் நெருப்பு. அடிக்கட்டை சூடாகி வெளிவிடும் வாயு மேலேயுள்ள தழலைக் கடந்துதான் போயாக வேண்டும். போகும்போதே எரிந்துவிடுவதால் புகை குறைந்துவிடுகிறது.

அவர் வீட்டு அடுப்பை நீங்கள் பார்க்க வேண்டும், அப்பா. மோர்சோ 1440 என்ற வார்ப்பிரும்பு விறகடுப்பு. என்.ஏ. கிறிஸ்டென்சன் என்பவர் 1853இல் இதே நிகோபிங் ஊரில் தொடங்கிய வார்ப்படச்சாலையின் வழிவந்தது. பக்கத் தகட்டில் ஓர் அணில் புடைத்து நிற்கிறது. வாலின் வளைவை விரலால் தடவிப் பார்த்தேன். மண்ணில் பதித்த அந்தப் பேட்டர்னை மண் உதிராமல் உருவியவர் கை எப்படிப்பட்ட கை! கோவை கணபதியில் நீங்கள் பம்பு உறைக்கு மோல்டு கட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்குவது கண்முன் வந்தது. பாட்டியின் கணவரும் மோல்டராக இருந்தவர். உங்களைப் பற்றிச் சொன்னதிலிருந்து பாட்டி என் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைக்கிறார்.

இந்தப் பக்கத்து நாடுகளில் நாற்காலிக்குப் படம் போடுவது போல அடுப்புக்கும் ஆட்கள் உட்கார்ந்து படம் போடுகிறார்கள். பாட்டியின் தோட்டத்தில் இருக்கும் ஃபோர்னோ என்ற ரொட்டி அடுப்பு, கிளவுஸ் ராத் வடிவமைத்தது. வார்ப்பிரும்புக் குவிமாடம், முன்னால் அகன்ற வாய். தழலின் சூட்டைக் கூரை கீழ்நோக்கித் திருப்புவதால் ரொட்டி மேலும் கீழும் ஒன்றாக வேகிறது. பிரான்சில் மான்பெலியேவுக்குப் பக்கத்தில் வியோல்-லெ-ஃபோர் என்ற சிற்றூர். அங்கே தொமினிக் ஆம்பேர் 1968இல் செய்த ஜைரோஃபோகஸ் என்ற கணப்படுப்பின் படத்தைப் பாட்டி காட்டினார். தரையைத் தொடாமல் உத்தரத்திலிருந்து தொங்குகிறது, முழு வட்டமாகத் திரும்புகிறது. ஆள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நெருப்பு அந்தப் பக்கம் முகம் காட்டும்! ஸ்வீடனில் விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1767இல் குரோன்ஸ்டெட், விரேடே என்ற இருவர் ஓடு பதித்த அடுப்புக்குள் ஐந்து குழாய்வழிகளை வகுத்தார்கள். புகை ஏறி இறங்கி, சூட்டையெல்லாம் செங்கலில் விட்டுவிட்டுத்தான் வெளியேறும்.

இதையெல்லாம் பார்க்கும்போது அம்மாயி வீட்டு அடுப்பங்கரையில் ஊதாங்குழலும் கையுமாகக் குனிந்து, கண்ணைக் கசக்கும் அம்மாதான் நினைவில் நிற்கிறாள். கோயம்புத்தூரில் எத்தனை வார்ப்படச்சாலைகள், எத்தனை தேர்ந்த கைகள்! உங்கள் முதலாளிகளில் ஒருவருக்காவது, அம்மா எப்படி உட்காருகிறாள், புகை எங்கே போகிறது என்று பார்த்து ஓர் அடுப்பு வார்க்கத் தோன்றியதா? எனக்கு மனம் ஆறவில்லை.

ஆனாலும் அந்தப் புகைதான் வேண்டியிருக்கிறது, அப்பா. விடியற்காலையில் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் தென்னமட்டை எரியும் வாசனை. பாட்டி வீட்டில் தழல் அடங்கிய பிறகும் எழுந்துவர மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பாட்டியின் மகனும் வீட்டை விற்கச் சொல்கிறார். 2003க்கு முன் செய்த விறகடுப்பு இருந்தால், வீட்டை வாங்குகிறவர் அதை அகற்றியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். அணில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று பாட்டி மறுக்கிறார். நமக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், வாங்குகிறவர் முதலில் அடுப்பங்கரையைத்தான் இடிப்பார். ஆனாலும் மாமாவைத் தடுக்க வேண்டாம்; அவருக்குப் பணமுடை.

ஆனால் அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் பல்லடம் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துவிடுங்கள். கிணற்றுப் பாத்தியம் யார் பெயரில் இருக்கிறது என்று பெரியப்பாவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் பங்கு அம்மா பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத் தொட வேண்டாம். கட்டணத்தை நான் மார்கழி முடிவதற்குள் அனுப்புகிறேன். மோட்டார் ரிப்பேரை மட்டும் தை வரை தள்ளிப்போடுங்கள். அவிநாசி வரனுக்கு, பாப்பா படிப்பு முடியட்டும் என்று பதில் சொல்லிவிடுங்கள். கண் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்