நாலு வரவே வராது

ஆக்லாந்து
26-10-2011

அன்புள்ள கஸ்தூரி,

தீபாவளி வாழ்த்துகள். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முதுகுவலி விட்டு விட்டு வருகிறது, சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அம்மாவின் முழங்கால் பழையபடியேதான். பட்டாசு கிடையாது. இந்த ஊரில் நவம்பர் 2 முதல் 5 வரைதான் கடையில் விற்பார்கள், அதுவும் இவர்களுடைய வேறொரு கொண்டாட்டத்துக்காக. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, டப்பாவில் முறுக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். அண்ணன் பிழியும் ஓமப்பொடியை நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் தோனி சிக்ஸர் அடித்து முடித்த ராத்திரி, "உலகக் கோப்பை எங்களுக்கு, உங்களுக்கு?" என்று ஒரு செய்தி அனுப்பினாயே, அதற்கு இப்போது பதில். எங்களுக்கும்தான்! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எங்கள் நியூசிலாந்து பிரான்சை 8-7 என்று ஜெயித்துவிட்டது. 1987இல் முதல் கோப்பையை வாங்கிய பிறகு 24 வருஷம் காத்திருந்து, சொந்த ஊர் ஈடன் பார்க்கில் வாங்கியிருக்கிறோம். "ரக்பியா, அது எந்த சோப்புடி?" என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. நானும் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தேன். இப்போது திங்கட்கிழமை ஊர்வலத்துக்கு அணியின் நிறத்தில் கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பு கட்டியதை என் மாமியாரிடம் சொல்லித் தொலைக்காதே.

செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 23 வரை, 20 நாடுகள், 48 மேட்ச். காலிறுதி தொடங்கி இறுதிவரை பள்ளி விடுமுறைக்குள் வரும்படி அரசாங்கமே இந்த வருஷம் விடுமுறையை நகர்த்தி வைத்தது என்றால் பார்த்துக்கொள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாட்டைத் தத்தெடுக்க வேண்டும், தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்போம் என்றார்கள். பக்கத்து வகுப்புக்கு ஆஸ்திரேலியா. எனக்கு நமீபியா. ஹாஸ்டலில் குலுக்கல் நடந்தால் யாருக்குக் கக்கூஸ் கழுவும் முறை வரும் என்று உனக்குத் தெரியும். கடல் தாண்டினாலும் என் கை மாறவில்லை.

வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகள். தெற்கு ஆக்லாந்து என்பதால் பாதிக்கு மேல் பசிபிக் தீவுகளான சமோவா, டோங்கா வீட்டுப் பிள்ளைகள். டோங்கா அணி விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளில் எங்கள் பக்கத் தெருக்கள் எல்லாம் ஒரே சிவப்பு. காரில் கொடி, வேலியில் கொடி, தபால் பெட்டியில் கொடி. இந்தப் பிள்ளைகளிடம் போய், "நாம் நமீபியா" என்றேன். ஒரு பையன் எழுந்து மிகவும் மரியாதையாக, "மிஸ், அவர்கள் ரக்பி ஆடுவார்களா?" என்று கேட்டான்.

ஆடினார்கள். முதல் மேட்சில் ஃபிஜியிடம் 49-25 என்று தோற்றார்கள், ஆனால் அதில் நமீபியாவின் தியூன்ஸ் கோட்ஸே என்பவர் ஓடிக்கொண்டே பந்தைத் தரையில் குத்த விட்டு உதைக்கிற டிராப் கோலை, சில நிமிஷங்களுக்குள் மூன்று முறை அடித்துவிட்டார். திங்கட்கிழமையே வகுப்பு முழுக்க நமீபியா கட்சி. நமீப் பாலைவனம், விந்துக் தலைநகர், 1990இல்தான் தென்னாப்பிரிக்காவிடமிருந்து விடுதலை என்று ஒரு வாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டார்கள். இதற்கிடையே செப்டம்பர் 14ஆம் தேதி நமீபியாவுக்கும் சமோவாவுக்கும் மேட்ச். என் சமோவாப் பிள்ளைகள் காலையிலேயே ஒரு தூதுக்குழுவாக வந்து, "மிஸ், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் நாங்கள் நமீபியா இல்லை, நாளைக்கு வந்துவிடுகிறோம்" என்றார்கள். சமோவா 49-12. மறுநாள் சொன்னபடியே வந்து சேர்ந்தார்கள், கொஞ்சம் பெருந்தன்மையோடு.

ஒவ்வொரு மேட்சிலும் எடுத்த புள்ளிகளைப் பட்டை வரைபடமாகச் சுவரில் வரைந்துகொண்டு வந்தோம். தென்னாப்பிரிக்காவோடு 87-0. பட்டை தாளுக்கு மேலே போய்விட்டது, இன்னொரு தாளை ஒட்டினோம். நமீபியா பக்கம் என்ன வரைவது என்று பெரிய விவாதம். வெறுமனே விட்டால் மேட்சே நடக்கவில்லை என்று நினைப்பார்கள், அதனால் ஒரு பென்சில் கோடாவது போட வேண்டும் என்று ஒரு கட்சி. கோடு போட்டால் அது பொய் என்று இன்னொரு கட்சி. பூஜ்ஜியத்தை இவ்வளவு தீவிரமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் வேல்ஸ் 81-7. வாங்கியது மொத்தம் 266, கொடுத்தது 44. மூன்று இலக்கக் கூட்டலும் கழித்தலும் அந்த மாதம் யாருக்கும் கசக்கவில்லை.

இப்போது நான் உனக்குச் சொல்லியே ஆக வேண்டிய கதை. இதற்காகத்தான் முழுத் தாள் எடுத்து உட்கார்ந்தேன்.

ரக்பியில் புள்ளிக் கணக்கு எப்படி என்றால், பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. ட்ரை வைத்தவர்களுக்கு மட்டும் கம்பத்துக்கு நடுவே ஓர் உதை, போனால் 2. எதிரணியின் தப்புக்குக் கிடைக்கும் பெனால்டி உதை 3, டிராப் கோல் 3. இவ்வளவுதான். பலகையில் இதை எழுதிப்போட்டு, "1 முதல் 20 வரை எந்தெந்த எண் ஓர் அணிக்கு வரவே வராது?" என்று கேட்டேன். பாயில் குழு குழுவாக உட்கார்ந்து பித்தான்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். 1 வராது, 2 வராது, அது உடனே வந்துவிட்டது. 4இல் சண்டை. ஒருத்தி இரண்டும் இரண்டும் நாலு என்று வைத்தாள். "ட்ரை இல்லாமல் அந்த உதை ஏது?" என்று மற்றவர்கள் பாய்ந்தார்கள். நாலு வரவே வராது என்று தீர்ப்பானது. அப்புறம் 5, 6, 7 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, 20 வரை எல்லாம் வருகிறது என்றார்கள். "சரி, 21? 50? 1000?" என்றேன்.

அமைதி. பிறகு ஒரு சமோவாப் பெண், பின்னலை வாயில் கடித்துக்கொண்டே சொன்னாள்: "5 வந்தாச்சு. 6 வந்தாச்சு. 7 வந்தாச்சு. இனிமேல் ஒவ்வொன்றோடும் ஒரு பெனால்டியைப் போட்டுக்கொண்டே போனால் எல்லாம் வரும்."

கஸ்தூரி, எட்டு வயது! யோசித்துப் பார். 5, 6, 7, மூன்றைக் கூட்டினால் 8, 9, 10, மறுபடி 11, 12, 13. தப்பிக்க எந்த எண்ணுக்கும் இடமே இல்லை. இது நிரூபணம், சும்மா விடை இல்லை. நம்ம குடை வாத்தியார் இருந்திருந்தால் குடையைக் கீழே போட்டிருப்பார். கிரிக்கெட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, அங்கேதான் ஒரு ரன் என்று ஒன்று இருக்கிறதே, எல்லா எண்ணும் ஓசியில் வந்துவிடும். கபடியும் அப்படியே. தோனியை உனக்கே விட்டுத் தருகிறேன், கணக்குக்கு எங்கள் ஆட்டம்தான்.

இதோடு முடியவில்லை. எங்கள் பள்ளியில் மைதானம், பூட்டு, குழாய் எல்லாம் பார்த்துக்கொள்ளும் தாத்தா ஒருவர் இருக்கிறார், இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் தலையை உள்ளே நீட்டி, "87ஆம் வருஷக் கோப்பையில் ட்ரைக்கு நாலு புள்ளிதான். 92இல்தான் அஞ்சாக்கினார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. நாலு வருமாமே! மறுபடி பித்தான்கள். 3, 4, 6, 7, 8... கொஞ்ச நேரத்தில் ஒரு கத்தல்: "மிஸ், அப்போ அஞ்சு வரவே வராது!" மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் நாலைந்து பேர் நகரவில்லை. இது நடந்த வாரம்தான் எங்களுக்கு ஒரு கூட்டம். போன வருஷம் கொண்டுவந்த தேசியத் தரநிலை என்று ஒன்று இருக்கிறது, படிப்பது, எழுதுவது, கணக்கு, இந்த மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையும் தரத்துக்கு மேலா, கீழா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். பின்னல் கடிக்கிற பெண் கழித்தலில் தடுமாறுவாள், அதனால் கட்டத்தில் "கீழே". நான் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நீ நிரப்பும் பதிவேடுகளும் இந்த ஜாதிதானே.

விடுமுறை முடிந்து நேற்றுதான் பள்ளி திறந்தது. இறுதி ஆட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு, பாதிப் பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிவிட்டார்களாம். தூங்கிப்போன ஒருவன் சொல்கிறான், "நான் பார்க்கலை, ஆனால் எனக்குத் தெரியும். 8 என்றால் ஒரு ட்ரை, ஒரு 3. வேறு வழியே இல்லை. 7 என்றால் ஒரு ட்ரை, ஒரு 2. அதுக்கும் வேறு வழி இல்லை. நம்ம ஆள் ட்ரைக்கு அப்புறம் உதையைக் கோட்டை விட்டார், அவங்க ஆள் விடலை." அப்படியேதான் நடந்தது. இன்னொருத்தி, "வேல்ஸும் பிரான்சிடம் 8 எடுத்தது, ஆனால் 9-8 என்று தோற்றது" என்று அரையிறுதியை எடுத்துப் போட்டாள். டோங்காப் பிள்ளைகளுக்கு வேறு கவலை. இந்த மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்த பெருமை இன்னும் அடங்கவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி டோங்கா பிரான்சை 19-14 என்று அடித்துவிட்டது, அந்த பிரான்ஸ்தான் இறுதிவரை வந்தது, ஆகவே உண்மையில் இரண்டாம் இடம் யாருக்கு என்று பள்ளி முழுக்க வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்துப் பாடத்துக்கு ஸ்டீபன் டொனால்டைக் கொடுத்தேன். எங்கள் அணியில் ஒரே இடத்தில் ஆடும் கார்ட்டர், ஸ்லேட் இருவருக்கும் அடிபட்ட பிறகு கூப்பிட்ட ஆள் இவர். பயிற்சியாளர் தேடியபோது வைக்காட்டோ ஆற்றில் ஒயிட்பெய்ட் பிடித்துக்கொண்டிருந்தார், நம் நெத்திலிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பொடி மீன். இறுதி ஆட்டத்தில் மூன்றாவது ஆளான குரூடனுக்கும் முழங்கால் போக, இவர் தொப்பை தெரியும்படி இறுக்கமான சட்டையோடு இறங்கி அந்த 3 புள்ளியை உதைத்தார். "கதையை யார் வாயிலாக வேண்டுமானாலும் எழுதலாம்" என்றேன். அவருடைய அம்மா, கைபேசி, சட்டை என்று எழுதினார்கள். ஒருவன் மீனாக எழுதினான். "அவர் போனதும் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக டிவி பார்த்தோம்" என்று முடிகிறது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளையைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும். கிரைஸ்ட்சர்ச்சில் பிப்ரவரி 22 பூகம்பம் வந்ததே, 180 பேருக்கு மேல் போனார்கள், அதற்குப் பிறகு அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்தவன். அப்பா வேலைக்காக அங்கேயே. போட்டி நடக்கிற 12 மைதானங்களுக்கும் வரைபடத்தில் கொடி குத்தினோம். இவன் கிரைஸ்ட்சர்ச்சில் பதின்மூன்றாவதைக் குத்தினான். "அங்கே மேட்ச் இல்லையே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "இருந்தது" என்றான். நிஜம்தான், இரண்டு காலிறுதி உட்பட ஏழு ஆட்டங்கள் அந்த ஊருக்கு என்று இருந்தவை, மைதானம் பாழானதால் மாற்றினார்கள். கொடியை எடுக்கச் சொல்லவில்லை. நேற்று அணி அந்த ஊருக்குப் போய் ஊர்வலம் வந்தது. இன்று காலை, டிவியில் கூட்டத்தை முழுக்கப் பார்த்ததாகவும் அப்பா தெரியவில்லை என்றும் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் தெருவில் பெரிய லாரி போனால், நான் வாய் திறப்பதற்குள் மேசைக்கு அடியில் இருக்கிறான். பிறகு எதுவும் நடக்காதது போல வெளியே வந்து பென்சிலை எடுத்துக்கொள்கிறான். மற்ற பிள்ளைகளும் இப்போது பழகிவிட்டார்கள், அவன் வரும்வரை அவன் பித்தான்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நீ இரண்டாம் வகுப்பு எடுத்தாய். அப்போது பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாயா, அவர்களாகச் சொல்லட்டும் என்று விட்டாயா? படம் வரையச் சொன்னாயா? இங்கே ஆலோசகர் ஒருவர் மாதம் ஒரு முறை வருகிறார், நல்ல மனிதர், ஆனால் அவர் தருவதெல்லாம் அச்சடித்த காகிதம். நீ செய்ததைச் சொல். சரிப்பட்டு வராததையும் சேர்த்து எழுது.

டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறோம், பொங்கல்வரை இருப்போம். ரிப்பா ரக்பி என்று இங்கே சின்னப் பிள்ளைகள் ஆடுவது ஒன்று உண்டு. இடுப்புப் பட்டையில் இரண்டு பக்கமும் ரிப்பன் தொங்கும், ஆளைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதில் அதை உருவினால் போதும், பெண் பிள்ளைகளும் பையன்களும் சேர்ந்தே ஆடலாம். ஒரு செட் கொண்டுவருகிறேன். அதற்குள் உங்கள் பள்ளி மைதானத்தில் கட்டியிருக்கும் மாடுகளைத் தலைமையாசிரியர் எப்படியாவது அப்புறப்படுத்தி வைக்கட்டும்.

அன்புடன்,
பானு