பேரணிக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

'அனைவருக்கும் கல்வி' என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பேரணி நடத்தப் போகிறீர்கள், அதற்கு முழக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முழக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

பேரணி நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் பதாகை மேலிடத்திலிருந்து வந்து, வாசகத்தை ஆசிரியர் எழுதி, பிள்ளைகள் வெயிலில் கத்திக்கொண்டு நடந்து, மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தால் காரியம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பள்ளிக்கு வராத பிள்ளை அன்றைக்கும் வருவதில்லை.

உங்கள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம் ஊரில் யாரெல்லாம் பள்ளிக்கு வருவதில்லை, ஏன்? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட பெண், சக்கர நாற்காலி ஏற வழியில்லாததால் வராத பையன், செங்கல் சூளையில் அப்பா அம்மா கல் அறுக்க, காயும் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும் ஒடியா பேசும் பிள்ளைகள். கணக்கெடுக்க வருகிறவர்கள் பகலில் வந்து போய்விடுவார்கள். சாயங்காலம் அந்தப் பிள்ளைகளோடு விளையாடுவது உங்கள் மாணவர்கள்தான். இந்த விஷயத்தில் அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

பாகிஸ்தானின் இக்பால் மசீயைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 600 ரூபாய் கடனுக்காகச் சின்ன வயதிலேயே கம்பளத் தறியில் கொத்தடிமையாக உட்காரவைக்கப்பட்டவன். அங்கிருந்து தப்பி, மற்றப் பிள்ளைகளின் விடுதலைக்காகப் பேசினான். 1994 டிசம்பரில் ஒரு விருது வாங்க அமெரிக்கா போனபோது, மாசசூசெட்ஸ் மாநிலம் குவின்சியில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்களைச் சந்தித்தான். 1995 ஏப்ரல் 16 அன்று அவனைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி கேட்ட குவின்சிப் பிள்ளைகள் அழுததோடு நிற்கவில்லை. அவன் பெயரால் பள்ளி கட்டுவோம் என்று மற்றப் பள்ளிகளுக்கு எழுதினார்கள், ஆளுக்கு 12 டாலர் கேட்டார்கள். அவன் குடும்பம் பட்ட அந்தக் கடன் ஏறக்குறைய 12 டாலர். அவனுக்குச் சொல்லப்பட்ட வயதும் பன்னிரண்டு. அந்தப் பணத்தில் பாகிஸ்தானின் கசூரில் பள்ளி எழுந்தது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதில் அந்தப் பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

நம் பிள்ளைகள் பணம் திரட்ட வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை எளிய தமிழில் வாசித்துக் காட்டினாலே போதும். வயதுச் சான்று இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும் அதே அமைப்பின் வேலை. சூளைப் பிள்ளைகளுக்கு மொழி பெரிய தடை, உண்மைதான். ஆனால் அவர்களுக்கு ஒடியாவிலேயே பாடம் சொல்லித்தந்த முன்னுதாரணம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு உங்கள் மாணவர்களை அனுப்பி, 'ஏன் அனுப்பவில்லை' என்று அந்தப் பெற்றோரைக் கேட்க வைக்காதீர்கள். முன்பணம் வாங்கிச் சூளைக்கு வந்தவர்களைப் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைப்பது அநியாயம். சூளை முதலாளியிடமும் பிள்ளைகள் போகக் கூடாது. அது பெரியவர்களும் அதிகாரிகளும் பார்க்க வேண்டிய வேலை. பதாகையிலோ கடிதத்திலோ யார் பெயரும் வேண்டாம். 'சூளையில் இருக்கும் பிள்ளைகள்' என்றால் போதும். பெயர்கள் உங்களிடமும் தலைமை ஆசிரியரிடமும் இருக்கட்டும்.

கேள்வி போக வேண்டிய இடம் ஊராட்சி. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் பிள்ளைகளைத் தங்கள் சொந்த வாக்கியங்களில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தி மெருகேற்றாதீர்கள். சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர் என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் யாராவது அதை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லிக் கேட்கட்டும்: பதிவேடு எங்கே, சூளைப் பிள்ளைகளை எப்போது சேர்ப்பீர்கள், சாய்தளம் எப்போது கட்டுவீர்கள்? தீர்மானத்தின் நகலை வாங்கி வகுப்பில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கிராம சபையிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பேரணியை அக்டோபர் 2 காலையில் வைத்துக்கொண்டால் கூட்டம் நடக்கும் இடத்துக்கே போய்ச் சேரலாம். முழக்கத்தைப் பிள்ளைகளே எழுதட்டும்.

அன்புடன்,
அக்கா