அப்பம்மாவின் வோக்கர் பற்றி மகளுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

அப்பம்மா பிடித்து நடக்க நீ அனுப்பிய நாலு சில்லு வோக்கர் பெட்டி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து பெட்டி வந்திருக்கிறது என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. முன்வீட்டு ஐயா வந்து பிறேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "சைக்கிள் மாதிரியெல்லோ செய்து வச்சிருக்கிறாங்கள்" என்றார். அம்மாவுக்கு வலு பெருமை. எனக்கும்தான். ஆனால் அப்பம்மா அதைப் பாவிக்கவில்லை. கோபிக்காமல் முழுவதையும் வாசி.

பெட்டியை உடைக்க முன்னர் அதில் ஒட்டியிருந்த துண்டை மட்டும் கழற்றி என் டயரிக்குள் வைத்தேன். அனுப்பியவர் விலாசத்தில் ஏதோ அபார்ட்மென்ட் இலக்கம் இருந்தது. கூரியர்காரர்கள் மாறி ஒட்டியிருப்பார்கள்.

நீ அங்கே முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க இப்படியானவர்களோடு நிற்கிறவள். உனக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. என்றாலும் நீ பார்க்கிற தரை வேறு. அங்கே ஒரே மட்டம், அகலக் கதவு, லிப்ட். இங்கே விறாந்தையை விட்டு இறங்கினால் மணல். நானே தள்ளிப் பார்த்தேன், கிணற்றடிக்குப் போக முன்னரே முன்சில்லு இரண்டும் புதைந்துவிட்டன. குளியலறைக் கதவை அளந்தேன், 24 அங்குலம். நீ அனுப்பியது 25. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் அளந்து சொல்லியிருப்பேனே. இப்போதெல்லாம் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவருகிறது.

கதவை இடித்துப் பெருப்பிக்கலாம். அப்பம்மா நடக்கிற விதத்தை மாற்ற முடியாது. வலது முழங்கால் தேய்ந்ததிலிருந்து உடம்புப் பாரம் முழுவதையும் கைகளில்தான் போடுகிறார். அப்படிப் பாரம் கொடுக்கும்போது நாலு சில்லும் முன்னே ஓடுகின்றன, அப்பம்மா கூனிக்கொண்டு பின்னால் இழுபடுகிறார். பிறேக்கைப் பிடிக்கலாம்தான், ஆனால் அந்த விரல்களை நீ பார்த்திருக்கிறாய், அவற்றால் மாத்திரைப் போத்தலே திறக்க முடிவதில்லை. அதில் குந்தியிருக்கிற பலகையைக் கண்டதும் ஆசைப்பட்டு, பிறேக்கைப் பூட்டாமலே இருக்கப் போனார். அம்மா பிடித்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அதோடு அதை எடுத்து உன் அறைக்குள் வைத்துவிட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிசியோதெரபி செய்கிற தம்பி கெட்டிக்காரன். என்ன வாங்க வேண்டும் என்று கதைக்கவே இல்லை. முதலில் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னான், சுவர்வரைக்கும் நடக்கச் சொன்னான், திரும்பி வரச் சொன்னான், பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான், வீட்டில் படி எத்தனை, இரவில் எத்தனை தரம் எழும்புவா என்றெல்லாம் கேட்டான். சமநிலை நல்லாக இருந்து, ஆனால் கொஞ்சம் நடந்ததும் களைத்துக் குந்தி ஆற வேண்டியவர்களுக்குத்தான் நாலு சில்லாம். அப்பம்மாவைப் போல் பாரம் கொடுப்பவர்களுக்குச் சில்லில்லாத நாலு கால் வோக்கர். ஒவ்வொரு தரமும் தூக்கி வைக்கத் தோளில் பலம் இல்லாவிட்டால் முன்காலில் மட்டும் இரண்டு சில்லு. எங்கள் மணலுக்கு அதுவும் சரிவராது என்று சில்லில்லாததையே எடுத்தோம். மடித்து ஓட்டோவுக்குள் வைக்கலாம்.

உயரம் வைக்கிற முறையையும் காட்டினான். வீட்டில் போடுகிற செருப்போடு நேராக நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட வேண்டும், பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு வர வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கும். அப்பம்மா ஊன்றித் திரிந்த அப்பப்பாவின் பொல்லு இந்தக் கணக்குக்கு எவ்வளவோ உயரம். அதுதான் இவ்வளவு காலமும் தோள்மூட்டு நோ. அதோடு, நோகிற காலின் பக்கமே அதைப் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். மற்றக் கையில் பிடித்து, பொல்லையும் நோகிற காலையும் ஒன்றாக முன்னே வைக்க வேண்டுமாம். சொன்னதற்கு, "எந்தக் கையில பிடிக்கிறதெண்டு எனக்குத் தெரியாதோ, இவர் நேற்றுப் பிறந்தவர்" என்று அந்தத் தம்பிக்கு நல்ல பேச்சு. பொல்லை வெட்டிக் கட்டையாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். அவற்ற உயரத்துக்கு இருந்தது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சரி, சாமியறை மூலையில் நிற்கிறது.

எழும்பும்போது வோக்கரைப் பிடித்து இழுக்கிற பழக்கம்தான் இன்னும் போகவில்லை. இழுத்தால் அது ஆளின் மேல் சரியும். கதிரைக் கையை ஊன்றித்தான் எழும்ப வேண்டும், நின்ற பிறகுதான் வோக்கரைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் கதிரை கால் விரிந்து வளைவதால் அதை ஒதுக்கிவிட்டு, கை வைத்த தேக்கங்கதிரைக்குக் கீழே கட்டை அடித்து உயர்த்தியிருக்கிறேன். குசினி வாசல் படி ஆறு அங்குலம். அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஆறு அடிச் சரிவு. அதிலிருந்து கிணற்றடிவரை சீமெந்துப் பாதை, வழுவழுப்பில்லாமல். மாரி தொடங்க முன்னர் முடிக்க வேண்டும். கார்த்திகை மழையில் அந்த முற்றம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அடுத்ததாக வீல் செயார் அனுப்பப் போகிறாய் என்று உன் தம்பி சொன்னான். அனுப்பாதே. அப்பம்மா இன்னும் நடக்கிறார். வீட்டுக்குள் அதில் இருத்தினால் அந்த நடையும் போய்விடும். கோணேசர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஏற்றத்தை வோக்கரோடு ஏற முடியாது, அந்த ஒரு நாளைக்கு இங்கேயே யாரிடமாவது இரவல் வாங்குவேன். பின்சில்லு பெரிதாக உள்ளதாகப் பார்க்கிறேன், சின்னச் சில்லு கல்லிலும் மணலிலும் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நான் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் சரிந்து விழும். போகிற வழியில் கோட்டைக்குள் மான்களைக் கண்டால் நிறுத்தச் சொல்லுவார், அதற்கும் நேரம் வைத்துத்தான் வெளிக்கிட வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை எடுக்காதே, எடுத்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போ. உன் மச்சாளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, தையில். மற்றதெல்லாம் அம்மா சொல்லுவா.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைத்தபோது உனக்குப் பின்னால் வேறு சுவர். யன்னலும் இடம் மாறி இருந்தது. அம்மா கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. அப்பம்மாவுக்குக் கண் மங்கல், ஆனாலும் "மருமகன் எங்க, எப்ப பார்த்தாலும் வேலையோ" என்று கேட்டார். வேலைதான் என்று நானே சொல்லிவிட்டேன். கலியாண எழுத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஒரு நேரம் கோபம் வருகிறது. தனியாக ஒரு ஊரில் நின்று, வேலையும் செய்து, அப்பம்மாவின் முழங்காலையும் நினைத்துப் பெட்டி கட்டுகிறாளே என்று மறு நேரம் நினைக்கிறேன். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். பிழையாக இருந்தால் சந்தோஷம்.

இங்கே வருவதென்றால் வா. லீவு, காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் கேட்கவிடமாட்டேன். அறையில் அந்த நாலு சில்லு ஒரு மூலையில்தான் நிற்கிறது, எடுத்துவிடலாம். இரவு வேலைக்குப் போகிற நாட்களில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போ.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். அவன் வாசிக்கமாட்டான், உன் தம்பிக்கு என் எழுத்து விளங்காது.

வீல் செயாருக்கு வைத்த காசை நீயே வைத்துக்கொள், உனக்குத் தேவைப்படும். ஏதாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால் வோக்கர் காலுக்குப் போடுகிற ரப்பர் நாலு அனுப்பு. மணலிலும் சீமெந்திலும் மாறி மாறித் தேய்ந்தால் வழுக்கும், மாற்றுவதற்குக் கையில் இருக்க வேண்டும். கால் குழாயின் குறுக்களவு ஒரு அங்குலம், அளந்துவிட்டேன். அந்தத் துண்டில் இருக்கிற விலாசம் சரியென்றால் சரி என்று மட்டும் எனக்கு எழுது, அம்மாவின் போனுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா